பெரியவர்கள் ஏன் குனிந்தார்கள்?

அத்தியாயம் 3

"திருடு போன பொருள் இன்னும் என்கிட்டயேதான் இருக்கு. அதுதான் பிரச்சனையே" என்றார் மாஸ்டர்.

எனக்கு இந்த மாதிரி கேஸ் ரொம்பப் பிடிக்கும். பொருளைத் தேடி அலைய வேண்டாம், யாரையும் துரத்த வேண்டாம், காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டலாம். ஆனால் என் சீஃப் அப்படி நினைக்கவில்லை. உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த ரிகர்சல் ஹாலை ஓரமாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

சீஃப் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் பைக்கில் பின்னால் உட்காருவார்தான். அது என் முதுகுக்குப் பின்னால் என்பதால் கணக்கில் சேராது. தனியாகத் துப்பறிய வருமுன் போலீஸில் இருந்தபோது உடன் வேலை பார்த்தவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் 'குடைச்சல்'. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஓட்டைவாய்'. அதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

"விவரமா சொல்லுங்க மாஸ்டர்" என்றார் சீஃப், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தபடி.

மாஸ்டர் ஊரறிந்த நடனக் கலைஞர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, முதுகு மட்டும் இருபதில் நின்றுவிட்டிருந்தது. அவர் குழு ஒரு புதிய ஆட்டத்தை ரெண்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்து வருகிறது. வாசலிலேயே ஒரு கூடை வைத்து எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். எங்களுடையதையும் பிடுங்கினார்கள். நாளை மாலை முதல் மேடை. இதற்கு நடுவில், போன வாரம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் வாண்டுகள் இதே ஆட்டத்தை ஆடிவிட்டன. அதை ஒரு குழந்தையின் அப்பா படம் எடுத்து நெட்டில் ஏற்றிவிட்டார். இப்போது ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"நாளைக்கு நான் மேடை ஏறினா என்ன சொல்லுவாங்க? சின்னப் பசங்களைப் பார்த்து மாஸ்டர் காப்பி அடிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. முப்பது வருஷ உழைப்பு மேடம்!" என்றார் மாஸ்டர். "ஸ்கூலுக்கு நோட்டீஸ் அனுப்பிட்டேன். அவங்க ஆடிப் போயிட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மீட்டிங். அந்த டான்ஸ் டீச்சர் காப்பி அடிச்சதை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். அதோட அவங்களை வேலையை விட்டு அனுப்பிடறதா சொல்லியிருக்காங்க."

"அப்ப நாங்க எதுக்கு?"

"என் குழுவுல இருந்து யாரோ வெளிய விட்டிருக்காங்க. அது யாருன்னு தெரியணும். நாளைக்கு அந்த ஆளோட சேர்ந்து நான் மேடை ஏற மாட்டேன்."

"முதல்ல ஆடிக் காட்டச் சொல்லுங்க" என்றார் சீஃப்.

மாஸ்டர் கண்ணைக் காட்டினார். அவருடைய அசிஸ்டென்ட் கையைத் தட்டினான். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்களோடு ஓர் இளைஞன். அவன் தட்டியதும் குழு இரண்டு வரிசையாகப் பிரிந்து மூலைக்கு மூலை நடந்து வந்தது. எதையோ தேடுகிற நடை. ஹாலின் ஒரு பக்கமாக ஓர் இடம் வந்ததும் ஒவ்வொருவரும் விலகி வளைந்தார்கள். இடுப்பை மடித்துக் குனிந்து, இடது உள்ளங்கையைக் காற்றில் அழுத்தி வைத்து, அதையே பிடிமானமாகக் கொண்டது போல ஒரு சுழற்சி. பிறகு நிமிர்ந்து போய்விட்டார்கள். அந்த இடத்துக்குள் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

கடைசி ஆள் நிமிரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. கலை, கிலை என்றால் கொட்டாவி விடுகிற ஆள் நான். ஆனாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

சீஃப் அந்தக் காலி இடத்தின் ஓரத்தில் போய் நின்றார். "இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுதான் விஷயம்" என்றார் மாஸ்டர். "இல்லாமப் போன ஒருத்தரோட இடம் அது. எல்லாரும் அவரைச் சுத்திக்கிட்டுப் போறாங்க."

"நடுவுல இல்லாம ஓரமா இருக்கே?"

"துக்கம் நடு வீட்டுலயா மேடம் வந்து நிக்கும்? ஓரமாத்தான் நிக்கும்."

"ஏன் குனியறாங்க?"

"கனம் மேடம். மனசோட கனம்."

நான் ஒரு துளிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். சீஃப் துடைத்துக்கொள்ளவில்லை. "யார் கம்போஸ் பண்ணது?" என்று கேட்டார்.

"என் குழுவுல யார் பண்ணாலும் அது என் பேர்லதான் வரும். எங்க தொழில்ல அதுதான் வழக்கம்."

சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். 'ஆக்கம், வடிவமைப்பு, இயக்கம்' என்று மூன்று இடத்தில் மாஸ்டரின் பெயர். அசிஸ்டென்ட்டின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். நானும் ஒரு அசிஸ்டென்ட் என்ற முறையில் அவனைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தேன். அவன் பதிலுக்குச் சிரிக்காமல் தரையைப் பார்த்தான்.

வெளியே வந்து போனை வாங்கியதும் சீஃப் பள்ளி வீடியோவை ஓடவிட்டார். அதே நடை. அதே வளைவு. மேடையின் ஒரு பக்கத்தில் அதே காலி இடம். வாண்டுகள் உள்ளங்கையைக் காற்றில் வைத்து லாவகமாகச் சுழன்று போனார்கள். சீஃப் அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பைக்கின் பின்சீட்டிலும் அதே கதைதான். என் காதுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டு இத்தனை தடவை ஓடியதில் எனக்கே ஆட்டம் பாதி வந்துவிட்டது.

சிக்னலில் நின்றபோது எனக்குப் பொறி தட்டியது.

"சீஃப்! மாஸ்டர் ஆளுங்க இடது கையை வைக்கறாங்க. பசங்க வலது கையை வைக்குது!"

"ம்."

"எதிர்ல இருந்து பார்த்துப் பழகினா அப்படித்தானே வரும்? இடது வலதாயிடும். யாரோ எதிர்ல உட்கார்ந்து பார்த்து அப்படியே எடுத்திருக்காங்க. டீச்சர் திருட்டுத்தனமா ரிகர்சலைப் பார்த்திருக்காங்க. கேஸ் முடிஞ்சுது. வண்டியை வீட்டுக்கு விடட்டுமா?"

"ஒருத்தர் இன்னொருத்தரை எதிர்ல இருந்து பார்த்திருக்காங்க, சரி. யார் யாரை?"

நான் ஹெல்மெட்டுக்கு மேலாகவே தலையைச் சொறிந்தேன்.

"கண்ணாடி முன்னாடி நின்னு ஷேவ் பண்றே. நீ அவனைப் பார்த்துப் பண்றியா, அவன் உன்னைப் பார்த்துப் பண்றானா?"

"என்ன சீஃப் இது, நான்தான் ஒரிஜினல். வெட்டிக்கிட்டா எரியறது எனக்குத்தானே?"

"அப்ப எங்க எரியுதுன்னு போய்ப் பார்ப்போம். பச்சை விழுந்துடுச்சு, ஓட்டு."

பள்ளியில் நடனத்துக்கென்று தனி அறை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தின் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கேதான் சாயங்காலம் வரை வகுப்பு நடக்குமாம். பிரின்சிபால் எங்களை அங்கே அழைத்துப் போகிற வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

"வக்கீல்கிட்ட கேட்டேன் சார். கிளாஸ்ல சொல்லித் தர்றது வேறயாம், மேடை ஏத்தறது வேறயாம், நெட்ல போடறது வேறயாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதியாம். நான் கணக்கு வாத்தியாரா இருந்து வந்தவன். ஒரே கேள்விக்கு மூணு விடைன்னா நான் எங்க போறது? நல்ல டீச்சர். அனுப்ப மனசே இல்ல. ஆனா ஸ்கூலை இழுத்து மூடச் சொல்றீங்களா?"

கூடத்தில் டான்ஸ் டீச்சர் தனியாக இருந்தார். முப்பது வயதிருக்கலாம். குழந்தைகளின் ஆண்டு விழா உடைகளை மடித்து ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் போகிறவர் செய்கிற வேலை அது. பிரின்சிபால் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். அதைச் சுற்றிப் பழைய மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முதுகுக்குச் சுகமாக இருந்தது. விருந்தாளிகளின் சௌகரியத்தை இவ்வளவு யோசிக்கிற பள்ளியை நான் இதுவரை கண்டதில்லை.

"நான்தான் காப்பி அடிச்சேன்" என்றார் டீச்சர், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "மீட்டிங்ல கையெழுத்துப் போட்டுடறேன். வேற என்ன?"

"எங்க பார்த்தீங்க?" என்று கேட்டார் சீஃப். அதற்குள் அவர் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"அவங்க ரிகர்சல் ஹால்ல. கதவு திறந்திருந்தது, உள்ள போய்ட்டேன்."

"போன்ல எடுத்தீங்களா?"

"ஆமாம். பையில வச்சிருந்தேன், எடுத்து ரெக்கார்ட் பண்ணேன்."

"வாசல்ல யாரும் ஒண்ணும் கேட்கலையா?"

"இல்லையே, யாரும் எதுவும் கேட்கல."

நான் சீஃபைப் பார்த்தேன். அந்த வாசலில் கூடையைத் தாண்டி ஒரு போன் உள்ளே போகாது. இந்த அம்மா அந்த ஹாலை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை.

சீஃப் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினார். டீச்சர் ஒரு சின்னச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு கேட்டுவிட்டார். "நான் கையெழுத்துப் போட்டுட்டா இதோட முடிஞ்சுடும் இல்லையா? அங்க அந்த அசிஸ்டென்ட்டுக்கு எல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராதே?"

சீஃப் நின்றார். "எந்த அசிஸ்டென்ட்? நான் யாரையும் சொல்லலையே."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேலிருந்த அவருடைய போன் அடித்தது. அவசரத்தில் எடுத்தவர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். கூடம் முழுக்க ஓர் அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி, தம்பி டிக்கெட் வாங்கி வச்சுட்டானாமா? மாடி வீட்டுக்காரங்களும் வர்றாங்களாம். தையல்காரர்கூடக் கடையை மூடிட்டு வர்றேன்னுட்டார். எம் புள்ளை போட்ட ஆட்டம், வந்து பாருங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். உன் ஸ்கூல்லயும் சொல்லுடி, வெக்கப்படாத!"

"அம்மா, அப்புறம் பேசறேன்ம்மா."

போனை வைத்துவிட்டு டீச்சர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டரோட அசிஸ்டென்ட் உங்க தம்பி" என்றார் சீஃப்.

"ஆமாம்."

"பசங்க ஆடறதை எதிர்ல இருந்து பார்த்திருக்கான். தினமும் சாயங்காலம் உங்களைக் கூட்டிட்டுப் போக வருவானா?"

"பைக்ல. நான் முடிக்கற வரைக்கும் எதிர்ல அந்த மேஜை மேல உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பான்." டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "அங்க வருஷக்கணக்கா பின்வரிசையில ஆடிட்டிருந்தான் மேடம். யாரும் திரும்பிப் பார்க்கல. இந்த ஆட்டத்தைக் காட்டினதுக்கு அப்புறம்தான் அசிஸ்டென்ட் ஆக்கினாங்க. வீட்டுல வந்து, நான் சொந்தமா ஒண்ணு பண்ணேன்ம்மான்னு சொன்னான். எங்க அப்பா போனதுக்கு அப்புறம் எங்கம்மா அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சாங்க. அது என்ன ஆட்டம்னு எனக்கு அப்பத் தெரியாது. நோட்டீஸ் வந்தப்பதான் தெரிஞ்சுது."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"ஒரு வாரமா என் முகத்தைப் பார்க்காம சுத்தறான். அப்புறம் கேட்க என்ன இருக்கு?"

நான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். "நீங்க பண்ணதை அவன் எடுத்துட்டுப் போயிருக்கான். நீங்க ஏங்க மன்னிப்புக் கேட்கணும்?"

"எனக்கு வேற ஸ்கூல் கிடைக்கும் சார். அவனுக்கு வேற மாஸ்டர் கிடைக்க மாட்டாங்க."

"காப்பி அடிச்சதா எழுதிக் குடுத்த டீச்சருக்கு எந்த ஸ்கூலும் கிடைக்காது" என்றார் சீஃப். அவர் குரலில் கோபம் இருந்தது.

டீச்சருக்கும் கோபம் வந்துவிட்டது. "தெரியும் மேடம். டீச்சர் பொழப்பே அடுத்தவங்களோடதை வச்சு ஓட்டறதுதான். பாட்டு யாரோடதோ, கதை யாரோடதோ. ஒவ்வொண்ணுக்கும் ஆளைத் தேடிப் பிடிச்சு, கெஞ்சி, அனுமதி வாங்கித்தான் மேடை ஏத்தியிருக்கேன். இந்த ஆட்டத்துக்கு வாசிச்ச மியூசிக்குக்கும் கேட்டேன். ஆட்டத்துக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியிருக்கல. எனக்கு அதுல எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அதை நான் மீட்டிங்ல சொல்ல மாட்டேன். நான் சொல்லலைன்னா உங்களால நிரூபிக்கவும் முடியாது. தயவுசெஞ்சு விட்டுடுங்க."

சீஃப் கூடத்தை வளைய வந்தார். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. எனக்குத் தலை சுற்றியது. சுவர்க் கடிகாரத்தின் முள் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் என் முன்னால் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நகரு."

"ஏன் சீஃப்? இங்க நல்லா இருக்கு."

"நீ சாட்சி மேல சாஞ்சிருக்கே."

நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் தூண்தான் இருந்தது.

"சீஃப், ஒரு சந்தேகம்" என்றேன், டீச்சர் காதில் விழாமல். "நமக்கு வேலை குடுத்தது மாஸ்டர். இந்தப் பொண்ணு வாயைத் திறக்காதீங்கங்குது. நாம யார் பக்கம்?"

"எங்கிருந்து கசிஞ்சதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க மாஸ்டர். கண்டுபிடிச்சுட்டேன். சொல்லித்தான் ஆகணும். போய் பிரின்சிபாலைக் கூட்டிட்டு வா. ஆபீஸ் ரூம் சின்னதா இருக்கு, மீட்டிங்கை இங்க வைங்கன்னு சொல்லு. வேன் வராம நிக்கற பசங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வா."

மாஸ்டர் வரும்போது கையோடு அசிஸ்டென்ட்டையும் அழைத்து வந்திருந்தார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கதவோரமாகவே நின்றுவிட்டான் அவன். அக்காவும் தம்பியும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். பிரின்சிபால் மன்னிப்புக் கடிதத்தை மேஜையில் வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். டீச்சர் உடனே கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சீஃப். "திருடு போனது உங்க பொருள்தானான்னு மாஸ்டர் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடட்டும். பசங்க இங்கயே இருக்காங்க. மியூசிக் வேண்டாம். சும்மா ஆடினாப் போதும்."

"எதுக்கு மேடம் இதெல்லாம்?" டீச்சரின் குரல் உயர்ந்தது.

"பார்த்துடலாமே" என்றார் மாஸ்டர்.

வாண்டுகளுக்கு ஒரே குஷி. புத்தகப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். இரண்டு வரிசை. மூலைக்கு மூலை நடை. நான் சாய்ந்திருந்த தூண் அவர்கள் போகும் வழியில் இருந்தது. முதல் குழந்தை அதன் பக்கத்தில் வந்ததும் விலகி வளைந்தது. வலது உள்ளங்கையை மெத்தையில் பதித்தது. அதை ஊன்றிக்கொண்டு ஒரு சுழற்சி சுழன்று போனது. பின்னாலேயே அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. ஒன்றுகூடக் குனியவில்லை. நெஞ்சுக்கு நேராக இருந்த இடத்தில் கையை வைத்து நிமிர்ந்தபடியே போனார்கள்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருடமாக அடுத்தவர் உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. ஆனாலும் சீஃப் விடவில்லை.

"தூண்கிட்ட போங்க மாஸ்டர். உங்க ஆளுங்க கை வைக்கற உயரத்துல கையை வைங்க."

மாஸ்டர் போனார். இடுப்பை மடித்துக் குனிந்தார். அவர் கை பதிந்த இடத்தில் மெத்தை கறுத்து, அழுக்கேறி, பளபளத்துப் போயிருந்தது. தினமும் சின்னச் சின்னக் கைகள் பட்டுப் பட்டு வந்த அழுக்கு அது.

"பசங்க உங்களைப் பார்த்து எடுத்திருந்தா அவங்களும் குனிஞ்சிருப்பாங்க" என்றார் சீஃப். "அந்த வயசுல குழந்தைங்க எதைக் காட்டினாலும் அப்படியே பண்ணும். இவங்க குனியல. உங்க ஆளுங்கதான் குனியறாங்க. ஏன்னா இந்த ஆட்டம் பிறந்தப்ப ஆடினவங்க இவ்வளவு உயரம்தான். எடுத்தவனுக்கு எதைத் தொட்டா எது இடியும்னு தெரியாது. அதனால ஒண்ணையும் தொடாம தூக்கிட்டு வந்துட்டான். தூணை மட்டும்தான் தூக்க முடியல."

"துக்கம்னு சொன்னேனே" என்றார் மாஸ்டர் மெல்ல. "பத்திரிகைக்குப் பேட்டிகூடக் குடுத்திருக்கேன். அந்த வெற்றிடத்தைப் பத்தி."

"மெத்தை சுத்தின சிமெண்ட்டுங்க அது" என்றேன் நான். சீஃப் என் காலை மிதித்தார்.

பிரின்சிபால் பேனாவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "இருங்க, இருங்க. அப்ப யாருங்க யாரைக் காப்பி அடிச்சாங்க?"

மாஸ்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "இதை என்கிட்ட கொண்டு வந்தது நீதானே?"

அசிஸ்டென்ட் பேசுவதற்குள் டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

"நான்தான் குடுத்தேன்! அவன் என் தம்பி மாஸ்டர். எடுத்துக்கோடான்னு நானே சொல்லிக் குடுத்தேன். யாரும் யாரையும் காப்பி அடிக்கல. நாளைக்கு நீங்க தாராளமா ஆடுங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

பிரின்சிபால் விட்ட பெருமூச்சில் மன்னிப்புக் கடிதம் மேஜையிலிருந்து பறந்தது. பள்ளிக்குப் பிரச்சனை இல்லை, டீச்சருக்கு வேலை இருக்கும், மாஸ்டருக்கு மேடை இருக்கும், தம்பிக்குப் பதவி இருக்கும். எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். கொடுத்தார் என்று சொன்னால் கொடுத்ததுதான். அதைப் பொய் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூடத்தில் சிலர்தான். அதில் ஒருவன் நான். வாய் துறுதுறுத்தது. சீஃப் என் காலிலிருந்து அவருடைய காலை இன்னும் எடுக்கவில்லை.

"அப்படியா?" என்று மாஸ்டர் அவனைக் கேட்டார். "உங்க அக்கா குடுத்துத்தான் கொண்டு வந்தியா?"

தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் போனான். அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு, யாரும் நிறுத்தச் சொல்லாததால் இன்னும் ஆடிக்கொண்டிருந்த ஒன்று, தூணில் கையை வைத்துச் சுழன்று அவன் எதிரில் வந்து நின்று பல்லைக் காட்டியது. தினமும் சாயங்காலம் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிற அண்ணனை அதற்கு நன்றாகத் தெரியும். 'நல்லா பண்ணேனா?' என்று கேட்கிற முகம்.

"அக்கா குடுக்கல" என்றான் அவன். "நான் எடுத்தேன்."

"டேய், சும்மா இரு!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பா மாஸ்டர். எது கேட்டாலும் குடுப்பா. ஆனா கேட்டா அது அவளோடதுன்னு ஆயிடும். அதனாலதான் கேட்கல."

மாஸ்டர் அவனை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அடிக்கவில்லை. தூணில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு, யாரிடமோ பேசுவது போல, "யார் பண்ணதுன்னு நானும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே. எப்படியும் என் பேர்லதானே வரப் போவுதுன்னு இருந்துட்டேன்" என்றார். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்த முதுகு முதல் முறையாகத் தளர்ந்திருந்தது. "ராத்திரிக்குள்ள எல்லாப் போஸ்டரையும் மாத்திடறேன். உன் பேரைப் போடறேன்ம்மா. நாளைக்கு ஆடலாமா?"

"என்னால இப்பச் சொல்ல முடியாது" என்றார் டீச்சர். "யோசிக்கணும். யோசிக்கவே விடாம எல்லாரும் ஆளாளுக்கு ஓடிக்கிட்டே இருக்கீங்க."

அப்புறம் அவர் எங்களைப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"திருப்தியா மேடம்?" என்றுதான் கேட்டார்.

சீஃப் என் காலிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். உண்மையைக் கண்டுபிடித்த நாளில் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

தம்பி மாஸ்டரின் பையை மேஜையில் வைத்தான். அக்காவுக்குப் பக்கத்தில் வந்தான். தொடுவதற்குக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டான்.

"அக்கா, அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். கையில் இருந்த சின்னச் சட்டையை அவர் நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டார். "நீ போய்ச் சொல்லு. மாடி வீட்டுக்காரங்க புடவை எடுத்து வைக்கறதுக்குள்ள போய்ச் சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டு வெளியே போனான். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் அவனுடைய பைக் கிளம்பித் தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் டீச்சர் அழுதார்.